அத்தை கன்னத்தில் போட்ட ஊசி

அத்தைக்கு மதுரையில் கன்னத்து வழியாக ஊசி விட்டு முகவலியை நிறுத்திய சேதி பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று ஒரு சுற்று போய்த் திரும்பி என் காதுக்கு வரும்போது 'மூளைக்குள்ள கரண்டு விட்டாங்களாம்ல' என்று ஆகியிருந்தது. அதிலிருந்து யாராவது ஒருவர் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் சுரீர் சுரீரென்று இழுக்கிறது, எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், ஊசி போட்டால் ஒரேயடியாகப் போய்விடுமா, வாய் கோணிக்கொள்ளுமா. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். நான் ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன், டாக்டர் இல்லை. கூடவே அலைந்ததில் கேட்டுக்கொண்டதும் அப்புறம் தேடிப் படித்ததும்தான் இதெல்லாம்.

முதலில், ஒரேயடியாகப் போகுமா என்ற கேள்வி. அப்படி யாரும் உறுதி சொல்ல முடியாது. அது நோயைத் தீர்க்கிற ஊசி இல்லை, வலியைச் சுமந்துபோகிற நரம்பை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்துவிடுகிற ஊசி. வலியைக் கொடுத்துவிட்டு மரமரப்பை வாங்கி வருகிறோம். என்னைக் கேட்டால் லாபமான வியாபாரம், அத்தையைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார், ஆனால் வியாபாரம் என்று தெரிந்துகொண்டு போய்ப் படுப்பது நல்லது.

அத்தை பாம்பனில் சின்னப்பாலம் என்கிற ஊரில் பாதி ஆயுசு கடல்பாசி எடுத்தவர். பாறையில் கை கிழிந்ததற்குக் கணக்கே இல்லை, ஒருமுறை திருக்கை முள் காலில் ஏறியபோதுகூட வீட்டில் யாரிடமும் சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு சமைத்த ஆள். அப்படிப்பட்டவர் கச்சான் காற்று கன்னத்தில் பட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார், பேச்சு வராது, கண்ணில் தண்ணீர் மட்டும் வரும். வலது பக்கம், கீழ் உதட்டு ஓரத்தில் ஆரம்பித்துத் தாடை வழியாகக் காது வரைக்கும் மின்னல் மாதிரி ஓடும். சில நொடிதான். அதிகம் போனால் இரண்டு நிமிடம். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் இருப்பார், அடுத்த வாய் சோற்றை மெல்லும்போது மறுபடி அடிக்கும். முகம் கழுவினால், பல் விளக்கினால், தலை சீவினால், சத்தமாகப் பேசினால் வரும். காற்று பட்டால் வருகிற வலியை வைத்துக்கொண்டு பாம்பனில் எங்கே போய் இருப்பது? ஆடி மாதம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். இடையிடையே சாதாரணமாக இருப்பதைப் பார்த்து வீட்டிலேயே சிலர் 'நடிக்குதோ' என்றும் பேசிக்கொண்டார்கள், அவர்கள் பெயரை இங்கே எழுதினால் எனக்குச் சோறு கிடைக்காது.

அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. பல்லைப் பிடுங்கியதும் வலி சில நாள் அடங்கியது போல் இருக்கும், அப்புறம் பக்கத்துப் பல் மேல் சந்தேகம் வரும். எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை இது, உலகம் முழுக்க இந்த நோய்க்காரர்கள் நல்ல பல்லைப் பறிகொடுத்துவிட்டுத்தான் நரம்பு டாக்டரிடம் வந்து சேருகிறார்கள். கீழ்த்தாடைப் பற்களுக்கும் கீழ் உதட்டுக்கும் உணர்வு போகிற நரம்பு ஒன்றுதான் என்பதால் வலி பல்லில் இருந்து வருவது போலவே இருக்கும். ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டிப் போனோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே யாரும் பல்லைப் பிடுங்கவில்லை.

நோயின் பெயர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. மூளையிலிருந்து நேராகப் புறப்படுகிற நரம்புகளில், முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோகிற ஐந்தாவது நரம்பில் வருவது. நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒரு கிளை, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. முகவாதம் வந்து வாய் கோணிப் போகிறதே, அது ஏழாவது நரம்பு, முகத்தை அசைக்கிற நரம்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் முகவாதத்துக்குச் செய்கிற எண்ணெயும் பயிற்சியும் இதற்கு ஆகாது. சொல்லப்போனால் அத்தைக்குக் கன்னத்தில் எண்ணெய் தடவிய கை பட்டதுமே வலி வந்தது.

பெரும்பாலும் காரணம் இதுதான்: மூளைத்தண்டிலிருந்து அந்த நரம்பு புறப்படுகிற இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன் மேல் சாய்ந்து, துடிக்கிற ஒவ்வொரு துடிப்புக்கும் உரசி உரசி நரம்பின் மேலுறையைத் தேய்த்துவிடுகிறது. உறை போன இடத்தில் லேசான தொடுதல்கூட வலியாகப் பாய்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது அந்தக் குழாயைப் பார்ப்பதற்கு மட்டும் இல்லை, அங்கே கட்டி ஏதும் இருக்கிறதா, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போல வேறு நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும்தான். அதை எடுக்காமல் யாராவது நேராக ஊசிக்குத் தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசிக்கு முன்னால் மாத்திரை. கார்பமாசெபைன். வலிப்பு நோய்க்கான மாத்திரை, 1962-இல் இருந்து இந்த வலிக்கும் கொடுக்கிறார்கள். முதல் மாத்திரை போட்ட சில நாளிலேயே அத்தை பல் விளக்கிவிட்டு வந்து சிரித்தார். சாதாரண வலி மாத்திரை எதுவும் தொடாத வலி இதற்குக் கேட்கிறது என்றால், நோய் இதுதான் என்பதற்கு அதுவே பாதி அத்தாட்சி என்றார் டாக்டர். ஆனால் மாதங்கள் போகப் போக அளவைக் கூட்ட வேண்டி வந்தது, கூட்டக் கூட்டத் தலை சுற்றியது, நடை தள்ளாடியது. ஒருநாள் என்னைப் பார்த்து யாருப்பா நீ என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 120-க்குப் பக்கத்தில் நிற்கிறது, 135-க்கு மேல் இருக்க வேண்டியது. உப்புக்காற்றிலேயே வளர்ந்த உடம்பில் உப்பு இல்லை என்றார்கள். இந்த மாத்திரை சோடியத்தை இறக்கும், பிரஷருக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் இன்னும் இறக்கும், வயதானவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். உடம்பில் சிவந்து தடிப்போ, வாயில் புண்ணோ வந்தாலும் அன்றைக்கே ஓட வேண்டும், அரிதாக அது உயிருக்கே ஆபத்தான தோல் நோயாக மாறும்.

மாத்திரை தாங்கவில்லை அல்லது கேட்கவில்லை என்றால்தான் அடுத்த பேச்சு. அதில் முதல் இடம், உண்மையைச் சொன்னால், ஊசிக்கு இல்லை. காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறிய துளை போட்டு, ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி, நடுவில் டெஃப்லான் பஞ்சு வைக்கிற அறுவை சிகிச்சைதான் காரணத்தையே தீர்க்கிறது. அமெரிக்காவில் பீட்டர் ஜானெட்டா 1960-களில் ஆரம்பித்துப் பரப்பியது, செய்துகொண்டவர்களில் பத்து வருடம் கழித்தும் சுமார் 70 சதவீதம் பேர் நன்றாக இருந்ததாக அவர் குழு 1996-இல் எழுதியிருக்கிறது. உங்கள் ஆள் ஐம்பதுகளில் இருந்து, உடம்பு திடமாக இருந்து, படத்தில் குழாய் உரசுவது தெரிந்தால் அதைப் பற்றிக் கேட்காமல் ஊசிக்குப் போகாதீர்கள். அத்தைக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது, சர்க்கரை, பிரஷர், இதயமும் கொஞ்சம் பலவீனம். மண்டையைத் திறக்கிற அளவு மயக்கம் கொடுக்க மயக்க மருந்து டாக்டர் தயங்கினார். காமா கதிர் வைத்தியமும் இருக்கிறது, அதில் பலன் தெரியச் சில வாரமோ மாதமோகூட ஆகலாம். சாப்பிட முடியாமல் எலும்பும் தோலுமாக இருந்தவருக்கு அவ்வளவு காத்திருக்கத் தெம்பில்லை. அப்படித்தான் ஊசிக்கு வந்து சேர்ந்தோம்.

ஊசியிலும் மூன்று வகை, மூன்றுக்கும் வழி ஒன்றுதான். உதட்டோரத்திலிருந்து இரண்டரை செண்டிமீட்டர் தள்ளிக் கன்னத்தில் குத்தி, வாய்க்குள் போகாமல், தாடை எலும்புக்கு உள்பக்கமாக மேலே ஏற்றி, மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஒரு நீள்வட்டத் துளைக்குள் நுழைவது. ஃபொரமென் ஓவேல் என்கிறார்கள். சுமார் 7 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலம், அவ்வளவுதான். ஜெர்மன் டாக்டர் ஹார்ட்டல் 1910-களிலேயே இந்த வழியை வகுத்துவிட்டார், அப்போது முகத்தில் அளவெடுத்துக் கை உணர்ச்சியிலேயே குத்தினார்கள். துளைக்குப் பின்னால் ஐந்தாவது நரம்பின் மூன்று கிளைகளும் சேருகிற முடிச்சு இருக்கிறது. அங்கே போய் என்ன செய்வது என்பதில்தான் மூன்று வகையும்.

ஒன்று, கிளிசரால் விடுவது. இது தற்செயலாகக் கிடைத்தது. சுவீடனில் ஹாக்கன்சன் என்கிற டாக்டர், கதிர் வைத்தியத்துக்காக நரம்பு முடிச்சு இருக்கும் இடத்தைப் படத்தில் அடையாளம் காட்ட டாண்டலம் என்கிற உலோகத் தூளைக் கிளிசராலில் கலந்து செலுத்தினார், கதிர் கொடுப்பதற்கு முன்பே சிலருக்கு வலி நின்றுவிட்டது. 1981-இல் அதையே தனி வைத்தியமாக எழுதினார். இரண்டாவது பலூன், 1983-இல் முல்லனும் லிக்டரும் வெளியிட்டது. குழாய் வழியாகச் சின்ன பலூனை உள்ளே கொண்டுபோய் ஊதி, ஒரு நிமிடம் போல முடிச்சை அழுத்துவது, எக்ஸ்ரேயில் பலூன் பேரிக்காய் வடிவத்தில் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறது என்று கணக்கு. மூன்றாவது, அத்தைக்குச் செய்தது: ஊசி முனையை ரேடியோ அலையால் சூடேற்றி நரம்பைக் கொஞ்சம் கருக்குவது. 'கரண்டு விட்டார்கள்' என்று ஊரில் பேசுவது இதைத்தான். மூளைக்குள் இல்லை, மூளைக்கு வெளியே நரம்பு முடிச்சில்.

பல இடங்களில் சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே கருவியை வைத்துக்கொண்டு செய்கிறார்கள், கைப்பழக்கம் உள்ளவருக்கு அது போதும். அத்தைக்கு சி.டி. ஸ்கேன் மேசையிலேயே செய்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு மேல் எலும்பு நிழலாக விழும், சி.டி.யில் மெல்லிய துண்டு துண்டாகப் பார்க்கலாம் என்பதால் குத்துவதற்கு முன்பே துளை எந்தச் சாய்வில் இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று அளந்துகொள்ள முடிகிறது. அப்புறம் டாக்டர் எனக்குப் படத்தைக் காட்டினார். துளைக்குப் பக்கத்திலேயே, ஒரு விரல் அகலம்கூட இல்லாத தூரத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய தமனி. ஊசி கொஞ்சம் தவறினால் போய் நிற்கக்கூடிய வேறு துளைகளும் அங்கேயே இருக்கின்றன. அதைப் பார்த்த பிறகுதான் சி.டி. கேட்டது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன், முன்பே பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா தெரியாது.

ஆனால் படத்தால் ஆகிற வேலை ஊசியைத் துளைக்குள் கொண்டுபோய் விடுகிறவரைக்கும்தான். முடிச்சுக்குள் எந்த நார் தாடைக்கு, எந்த நார் கண்ணுக்கு என்று சி.டி. காட்டாது. அதை நோயாளிதான் சொல்ல வேண்டும். குத்தும்போது சில நிமிடம் மயக்கம் கொடுக்கிறார்கள், அப்புறம் எழுப்பிவிட்டு ஊசி முனையில் மிகச் சிறிய மின் துடிப்பு கொடுத்து எங்கே சுறுசுறுவென்று இருக்கிறது என்று கேட்கிறார்கள். அத்தை சொன்னது:

"ஒரு வெளக்க மூஞ்சிக்கு நேரா வச்சிருந்தாங்க. ஊசி ஏறும்போது தாட தானா ஒரு வெட்டு வெட்டுச்சு, அப்புறம் தூக்கம் மாதிரி. தட்டி எழுப்பி, எங்கம்மா சுறுசுறுங்குதுன்னு அந்த டாக்டரு தம்பி கேக்குது. மூக்குப் பக்கம்யான்னேன். கொஞ்சூண்டு இழுத்துச்சு போல. இப்பன்னுச்சு. தாடையில, நாக்கு ஓரத்துலன்னேன். அதேதாம்மா, அப்படியே இருங்கன்னுச்சு."

கீழ்த்தாடைக்கான நார் முன்பக்கமாக இருக்கிறது, ஊசி இன்னும் உள்ளே போனால் கன்னம், அதையும் தாண்டினால் கண். அதனால்தான் அந்தக் 'கொஞ்சூண்டு இழுத்த' கதை. இடம் சரியானதும் மறுபடி மயக்கம், 65, 70 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் போல. எழுப்பி, தாடையில் குண்டூசியால் லேசாகத் தொட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேட்பார்கள், போதாது என்றால் இன்னொரு தடவை சூடு. வாய்க்குள் கையுறை போட்ட விரலை வைத்து ஊசி வாய்க்குள் வெளிவரவில்லை என்று பார்த்துக்கொண்டதாகவும் டாக்டர் சொன்னார், வாயில் உள்ள கிருமி ஊசியோடு மேலே போனால் மூளைக்காய்ச்சல் வரலாம். ஊசி துளையைத் தொடும்போது நாடி சட்டென்று இறங்கவும் கூடும் என்பதால் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பல வருடம் தண்ணீருக்குள் முங்கி முங்கி அத்தைக்குக் காது மந்தம். டாக்டர் கேட்பது காதில் விழாவிட்டால் தலையாட்டிவிடுவார், ஆமாம் ஆமாம் என்பது அவர் பழக்கம். அதை முந்தின நாளே சொல்லி வைத்தோம், நர்ஸ் ஒருவர் காதுப் பக்கம் நின்று கேள்வியைத் திருப்பிச் சொன்னார். உங்கள் ஆளுக்குக் காது கேட்காது, நினைவு தடுமாறும், பதில் சொல்ல முடியாது என்றால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முழு மயக்கத்தில் செய்கிற பலூன் பொருத்தமாக இருக்கலாம், அதில் யாரும் எதுவும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் மதுரையிலிருந்து பரமக்குடி வழியாக பஸ்ஸில்தான் திரும்பினோம், அது ரயில் பாலம் மூடியிருந்த 2024. பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தப் போனேன், அத்தை கையைத் தட்டிவிட்டார்.

அப்புறம் மரமரப்பு. இதை யாரும் போனில் கேட்பதில்லை, நான்தான் வலியச் சொல்கிறேன். வலது கீழ் உதடு, தாடை, நாக்கின் அந்த ஓரம் எல்லாம் பல் டாக்டர் ஊசி போட்டால் இருக்குமே அப்படி இருக்கிறது, இன்னும் போகவில்லை, முழுக்கப் போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். சோற்றுப் பருக்கை கன்னத்தில் ஒதுங்கினால் தெரியாது. கொதிக்கிற டீ உதட்டில் பட்டால் தெரியாது. எல்லாவற்றையும் விட மோசம் மீன் முள். சூடை, காரல் என்று பொடி மீனை முள்ளோடு மென்றே பழகிய வாய், இப்போது வலது பக்கம் முள் குத்தி ரத்தம் வருவது வாய் கொப்பளிக்கும்போதுதான் தெரிகிறது. இடது பக்கம் மட்டும் மெல்ல வேண்டும், துண்டு மீனாக இருந்தால் நல்லது என்று சொன்னால், சீலா வாங்கிப் போடுகிற மருமகனாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்திருக்கலாம் என்கிறார். மெல்லுகிற தசையும் சில வாரம் பலம் குறைந்திருந்தது, அதுவரைக்கும் கஞ்சிதான். சில நாளில் உதட்டில் பொக்களம் வந்தது, பயந்துபோய்ப் போன் செய்தால், நரம்பில் தூங்கிக்கொண்டிருந்த ஹெர்பிஸ் கிருமி இந்த வைத்தியத்துக்குப் பிறகு எழுந்துகொள்வது வழக்கம்தான் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்கள்.

கண் தப்பியது. நெற்றிக் கிளையில் வலி உள்ளவர்களுக்கு இதே ஊசியில் கருவிழி மரத்துப்போகிற ஆபத்து அதிகம். மரத்த கண்ணில் மணல் விழுந்தாலும் தெரியாது, உரசிப் புண்ணாகிப் பார்வை போகலாம். நம் பக்கத்துக் காற்றுக்கும் மணலுக்கும் இது சும்மா விடுகிற விஷயம் இல்லை. இன்னொன்று, அரிதுதான் என்றாலும் கேள்விப்பட்டு வைத்திருக்க வேண்டும்: மரத்துப்போன இடத்திலேயே ஓயாத எரிச்சல் வலி கிளம்புவது. அதற்கு வைத்தியம் மிகவும் கடினம்.

அதனால்தான் எல்லா முகவலிக்கும் இந்த ஊசி இல்லை. அக்கி வந்து போன பிறகு நெற்றியில் நாள் முழுக்க எரிகிறது, பல் பிடுங்கிய இடம் மரத்துப்போய் ஓயாமல் வலிக்கிறது என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். ஏற்கெனவே அடிபட்ட நரம்பு அது, அதை இன்னும் சுட்டால் வலி கூடிவிடலாம். ஊசிக்குப் பொருந்துவது விட்டு விட்டு, தொட்டால் மின்னலாக அடிக்கிற வலி, அதுவும் கார்பமாசெபைனுக்கு ஒரு காலத்திலாவது கேட்ட வலி.

திரும்பி வருமா? வரலாம். துருக்கியில் அங்காராவில் கன்போலட் என்ற டாக்டரும் அவர் குழுவும் 1600 பேருக்கு இந்தச் சூட்டு ஊசி போட்டு 25 வருட அனுபவத்தை 2001-இல் எழுதினார்கள். ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வலி நின்றிருக்கிறது, ஒரே முறை போட்டுக்கொண்டவர்களில் ஐந்து வருடம் கழித்தும் வலியில்லாமல் இருந்தவர்கள் 60 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. திரும்ப வந்தால் திரும்பப் போடலாம், மண்டையைத் திறக்கிற வேலை இல்லை என்பதால் வயதானவர்களுக்கும் அது முடியும். அத்தையிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, அஞ்சு வருசத்துக்கு நான் இருக்கணுமேப்பா என்று முடித்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள், சில இடங்களில் வலி மருத்துவப் பிரிவில் செய்கிறார்கள். இதுவரைக்கும் இதே ஊசியை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய், தேதி வாங்குவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் இந்தச் சிகிச்சையின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமும் அதைப் பதிந்து கொடுக்கிற டிஸ்க்கும் வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதல் நாளே சொல்ல வேண்டும், எப்போது நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். வலி நின்றுவிட்ட சந்தோஷத்தில் கார்பமாசெபைனையும் மறுநாளே தூக்கிப் போடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். அத்தைக்கு அதைக் குறைத்து முடிக்கச் சில வாரம் ஆனது, சோடியம் அதற்கப்புறம்தான் ஏறியது.